யாரும் பாடாத ஐந்தாவது குரல்

சார்டீனியா தீவின் வடகரையில் காஸ்டெல்சார்டோ என்று ஒரு சின்ன ஊர். கடலை ஒட்டிய பாறைக்குன்றின் மேல் வீடுகள் அடுக்கடுக்காக ஏறிப்போகும். ஈஸ்டருக்கு முந்தைய திங்கட்கிழமை அங்கே 'லூனிஸான்தி' ஊர்வலம் நடக்கும். இரவானதும் பழைய தெருக்களின் விளக்குகளை அணைத்துவிடுவார்கள். தீவட்டி வெளிச்சத்தில், வெள்ளை அங்கி அணிந்த ஆண்கள் நாலு நாலு பேராக, தோள் உரசும் நெருக்கத்தில் நின்று லத்தீன் பாட்டுகளைப் பாடுவார்கள். வாத்தியம் எதுவும் கிடையாது.

நாலு பேரும் சரியாகச் சேர்ந்துவிட்டால் ஐந்தாவதாக ஒரு குரல் கேட்கும். நால்வரின் குரலுக்கும் மேலே, பெண் குரல் போல. அதற்கு 'குயின்டினா' என்று பெயர். அது மாதாவின் குரல் என்பது அந்த ஊர்க்காரர்களின் நம்பிக்கை. பெர்னார் லோர்தா-ஜாகோப் என்ற பிரெஞ்சு இசை ஆய்வாளர் அங்கே போய்த் தங்கி, அந்தப் பாடகர்களோடு பழகி, பதிவு செய்து, இதை விரிவாக எழுதியிருக்கிறார். அந்தக் குரல் வெறும் பக்தியின் கற்பனை இல்லை. பதிவிலும் அது இருக்கிறது.

இதை முதலில் படித்தபோது எனக்கு என் பாட்டு டீச்சர் வீட்டுத் தம்புராதான் ஞாபகத்துக்கு வந்தது. அப்போது எனக்கு ஒன்பது வயது இருக்கும். டீச்சர் தம்புராவை மீட்டிக்கொண்டே கேட்டார்:

"ப, ச, ச, கீழ் ச. நாலே தந்திதான். இதுல காந்தாரம் கேக்குதா பாரு."

"கேக்கல டீச்சர்."

"நீ தேடுற. தேடாத. சும்மா உக்காந்திரு, அதுவா வரும்."

வந்தது. மந்தர ஷட்ஜத்தின், அதாவது கீழ் ச-வின், தந்தி அதிர்ந்து அடங்குகிற நேரத்தில், அதற்குள்ளிருந்து தெளிவான அந்தர காந்தாரம், 'ச ரி க'வில் வருகிற 'க', எழுந்தது. காந்தாரத்துக்கென்று அங்கே தந்தியே இல்லை. நம்மவர்கள் இதற்கு 'ஸ்வயம்பு காந்தாரம்' என்று பேர் வைத்திருக்கிறார்கள். தானாகத் தோன்றியது. காஸ்டெல்சார்டோக்காரர்கள் மாதா என்கிறார்கள், நாம் ஸ்வயம்பு என்கிறோம். காது கண்டுபிடித்தது இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

வாத்தியம் இல்லாமல் குரல்களால் மட்டும் பாடுவதற்கு அக்கப்பெல்லா என்று பெயர். இத்தாலியச் சொல். 'சிற்றாலயத்தில் பாடுகிற மாதிரி' என்று பொருள். வத்திக்கானின் சிஸ்டைன் சிற்றாலயப் பாடகர்கள் வாத்தியம் சேர்க்காமல் பாடும் மரபைக் காத்தவர்கள். பெயர் அந்த வழியில் வந்தது. இருபது வருஷத்துக்கு மேலாக இந்தப் பாட்டுகளின் பின்னால் அலைகிறவன் நான். யாருக்குப் போட்டுக்காட்டினாலும் முதலில் வருகிற கேள்வி, "நிஜமாவே வாத்தியம் இல்லையா?" என்பதுதான். அந்த வியப்பு நியாயமானது. ஆனால் என்னைப் பிடித்து வைத்திருப்பது அது இல்லை. வாத்தியம் போனதால் என்ன உள்ளே வந்தது என்பதில்தான் எனக்கு ஆசை. அதைப் புரிந்துகொள்ளக் கொஞ்சம் கணக்குப் பார்க்க வேண்டும். பெருக்கல் போதும்.

ஒருவர் ஒரு சுரத்தைப் பிடிக்கும்போது ஒரே ஓர் அதிர்வெண் மட்டும் வருவதில்லை. 220 ஹெர்ட்ஸில் பாடினால் 440, 660, 880, 1100 என்று அதன் மடங்குகளும் கூடவே மெல்லியதாக வரும். பள்ளிப் பாடத்தில் மேற்சுரங்கள் என்று படித்தோமே, அவைதான். தம்புராவில் எழுகிற காந்தாரம் கீழ் ஷட்ஜத்தின் ஐந்தாவது மடங்கு.

இப்போது நாலு பேரை நிறுத்துவோம். ஒருவர் 220, அடுத்தவர் 275, மூன்றாமவர் 330, நாலாமவர் 385. விகிதம் 4:5:6:7. முதல் ஆளின் ஐந்தாம் மடங்கு 1100. இரண்டாம் ஆளின் நாலாம் மடங்கும் 1100. முதல் ஆளின் ஆறாம் மடங்கு 1320. மூன்றாம் ஆளின் நாலாம் மடங்கும் அதே. முதல் ஆளின் ஏழாம் மடங்கு 1540. நாலாம் ஆளின் நாலாம் மடங்கும் அதே. ஒவ்வொருவர் தொண்டையிலிருந்தும் மெல்லியதாக வந்துகொண்டிருந்த மேற்சுரங்கள் இப்போது ஒன்றின் மேல் ஒன்றாக உட்கார்ந்து வலுக்கின்றன. மேலே ஒரு குரல் பிறக்கிறது. அதை யாரும் பாடவில்லை.

இதே நாலு சுரங்களைக் கீபோர்டில் அழுத்தினால் கிடைப்பது 220, 277.2, 329.6, 392. எந்தச் சுருதியில் வாசித்தாலும் ஒரே மாதிரி ஒலிக்க வேண்டும் என்பதற்காக எட்டுச்சுரத் தூரத்தை, அதாவது ஒரு ச-விலிருந்து அடுத்த ச வரை, பன்னிரண்டு சம பங்காக வெட்டியதன் விளைவு அது. பெரிய வசதிதான். ஆனால் 277.2-இன் நாலாம் மடங்கு ஏறக்குறைய 1109. அது 1100-இல் உட்காராது. இரண்டும் உரசி நொடிக்கு ஒன்பது தடவை விம்மும். சுருதி சேர்க்கும்போது இரண்டு தந்திகள் கிட்ட வந்தும் சேராமல் 'வவ் வவ்' என்று அலையுமே, அதே விம்மல்தான், வேகமாக.

கீபோர்டு அசையாது. குரல் அசையும். பக்கத்தில் இருப்பவரைக் கேட்டு, ஒரு மயிரிழை இறங்கி, விம்மல் நிற்கிற இடத்தில் நிற்க முடியும். பியானோ ஒன்று கூட ஒலித்தால் பாடுகிறவர்கள் அதன் 277.2-க்குக் கட்டுப்பட வேண்டியிருக்கும். வாத்தியத்தை வெளியே அனுப்பியதும் அந்தக் கட்டு அவிழ்கிறது. தம்புராவோடு சாதகம் செய்த காதுக்கு 275 பழைய சிநேகம். அது நம் அந்தர காந்தாரமேதான். நாலாமவர் பாடும் 385 மட்டும் நமக்குப் புதுசு. நம் 'நி'களில் ஒன்றான கைசிகி நிஷாதத்துக்கும் சற்றுக் கீழே நிற்கும். முதல் தடவை கேட்டபோது யாரோ சுருதி இறங்கிவிட்டார் என்றுதான் நினைத்தேன். நாலும் சேர்ந்து ஒலித்ததும் அந்த நினைப்பு போயிற்று.

இந்த ஒரு நிகழ்வுக்காகவே ஒரு சங்கீதத்தை வளர்த்தவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவின் பார்பர்ஷாப் பாட்டு. முடிதிருத்தும் கடையில் முறைக்குக் காத்திருக்கிறவர்கள் கூடிப் பாடியது என்பதால் வந்த பெயர். லீட் பாடுகிறவர் பாட்டின் மெட்டைச் சுமப்பார். டெனர் அவருக்கு மேலே மெல்லியதாகப் போவார். பேஸ் அடித்தளம். பாரிட்டோன் மிச்சம் இருக்கிற சுரத்தைப் பிடிப்பார், அது எங்கே கிடந்தாலும். தனியாகக் கேட்டால் பாரிட்டோன் பாடுவதில் தலையும் புரியாது வாலும் புரியாது. அவர் நிறுத்தினால் மொத்தமும் சப்பென்று ஆகிவிடும்.

4:5:6:7 கூட்டணி இந்த வகைக்கு அவ்வளவு முக்கியம் என்பதால் அதற்கே 'பார்பர்ஷாப் செவன்த்' என்ற பெயர் நிலைத்துவிட்டது. அது ஒலிக்கத் தொடங்குகிற கணத்தை 'ரிங்' ஆகிறது, மணி அடிக்கிறது, என்பார்கள். அதை வரவழைக்கச் சுருதி மட்டும் போதாது. நாலு பேரின் உயிரெழுத்தும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒருவர் 'ஆ'வை அகலமாகவும் இன்னொருவர் குறுக்கியும் உச்சரித்தால் வலுக்கிற மேற்சுரங்கள் வேறு வேறாகிவிடும், சுருதி சரியாக இருந்தாலும் மணி அடிக்காது. ஒலி அளவிலும் கணக்கு உண்டு: கீழ்க்குரல் கனமாக, மேலே போகப்போக மெல்லியதாக. மேலே இருக்கிற டெனருக்கு உரக்கப் பாட ஆசை வரும். பாடக்கூடாது.

இந்தப் பாட்டைப் பற்றி வெகுகாலம் ஊரில் உலவிய சித்திரம், கோடுபோட்ட கோட்டும் வைக்கோல் தொப்பியும் அணிந்த நாலு வெள்ளைக்காரர்கள். உண்மை வேறு. ஃபுளோரிடாவின் ஜாக்சன்வில்லில் 1871-இல் பிறந்த கருப்பின எழுத்தாளர் ஜேம்ஸ் வெல்டன் ஜான்சன், தன் ஊரில் கருப்பினத்தவரின் ஒவ்வொரு முடிதிருத்தும் கடையிலும் இப்படி ஒரு நால்வர் குழு இருந்ததை 1925-லேயே எழுதி வைத்தார். ஜாஸ் மேதை லூயி ஆம்ஸ்ட்ராங் எக்காளத்தைத் தொடும் முன்பே நியூ ஆர்லியன்ஸ் தெருக்களில் பையன்களோடு நால்வர் குழுவாகப் பாடிச் சில்லறை சேர்த்தவர். ஆனால் 1938-இல் ஓக்லஹோமாவின் டல்சா நகரில் ஓ.சி. கேஷ், ரூபர்ட் ஹால் என்ற இருவர் இந்தப் பாட்டைக் காப்பாற்றச் சங்கம் தொடங்கியபோது, கதை மாறிப்போனது. 1941-இல் நியூயார்க் கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையச் சுமைதூக்கும் தொழிலாளர்களின் குழு, 'ரெட் கேப்ஸ்', தேசியப் போட்டிக்கு வர இருந்தது. கருப்பினத்தவர் என்பதால் சங்கம் அனுமதிக்கவில்லை. நியூயார்க்கின் முன்னாள் ஆளுநர் ஆல் ஸ்மித்தும் நகரப் பூங்கா ஆணையர் ராபர்ட் மோசஸும் அதைக் கண்டித்துச் சங்கத்திலிருந்து விலகினார்கள். அந்தக் கதவு 1963-இல்தான் திறந்தது. 1992-இல் லின் அபட் என்ற ஆய்வாளர் பழைய செய்தித்தாள்களைப் புரட்டி, இது கருப்பினத்தவரின் பாட்டு என்று சான்றுகளோடு நிறுவினார். பெண்களைச் சங்கம் முழு உறுப்பினர்களாக ஏற்றது 2018-இல். யாருடைய கடைகளில் பிறந்த பாட்டோ அவர்களையே வாசலில் நிறுத்திய அந்தக் கால் நூற்றாண்டை, இந்தப் பாட்டை நேசிக்கிற எவரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

இன்றைக்கு அந்தச் சங்கத்தின் மாநாடுகளில் மேடைக்கு இணையாகக் களைகட்டுவது ஓட்டல் வராந்தாக்கள். 'டேக்' என்று ஒன்று இருக்கிறது. பாட்டின் கடைசி இரண்டு மூன்று வரி. மணி அடிக்கிற கூட்டுச்சுரங்களெல்லாம் அங்கே குவிந்திருக்கும். முன்பின் பார்த்திராத ஒருவர் இன்னொருவரை நிறுத்தி, "ஒரு டேக் பாடலாமா?" என்று கேட்பார். அங்கேயே வாய்வழியாகச் சொல்லிக்கொடுப்பார். நாலு பேர் சேர்ந்ததும் நெருங்கி நிற்பார்கள். பதினைந்து நொடி. அது முடிந்ததும் கலைந்து போவார்கள். கேட்பவர் யாரும் தேவையில்லை.

பூமியின் மறு பக்கத்தில் இதே தேடல் வேறு மாதிரி வளர்ந்தது. தென்னாப்பிரிக்காவின் சுரங்கங்களுக்கும் ஆலைகளுக்கும் ஜூலு ஆண்கள் ஊரையும் குடும்பத்தையும் விட்டுக் கூலிக்குப் போனார்கள். பல பேரை ஒரே கொட்டடியில் அடைக்கும் விடுதிகள். ஆறு நாள் வேலை. சனிக்கிழமை இரவு பாட்டு. ஊரில் ஆடிய ஆட்டத்தில் நிலம் அதிரக் காலை ஓங்கி மிதிப்பார்கள். விடுதியில் அப்படி மிதித்தால் காவலாளிகள் வந்துவிடுவார்கள். அதனால் நுனிக்காலில் ஆடினார்கள். காலை அவ்வளவு உயரம் தூக்கி, சத்தமே இல்லாமல் இறக்குவார்கள். பூனை நடப்பது போல மெல்ல நடப்பதைக் குறிக்கும் ஜூலு சொல்லிலிருந்து இந்தப் பாட்டுக்கு 'இசிகாதாமியா' என்ற பெயர் வந்தது. இரவு முழுக்கப் போட்டி நடக்கும். ஜெயித்த குழுவுக்கு ஓர் ஆடு பரிசு.

இந்த வகையின் முன்னோடி சாலமன் லிண்டா. 1939-இல் ஜோஹன்னஸ்பர்கில் காலோ நிறுவனத்தின் ஒலிப்பதிவுக் கூடத்தில் தன் 'ஈவ்னிங் பேர்ட்ஸ்' குழுவோடு 'ம்பூபே' என்ற பாட்டைப் பாடினார். ஜூலுவில் சிங்கம் என்று பொருள். கனமான பேஸ் குரல்கள் திரும்பத் திரும்ப ஒரே சொல்லைச் சுழற்றிக்கொண்டிருக்க, மேலே லிண்டா மட்டும் தன் உச்சக் குரலில் இஷ்டப்படி பறப்பார். மூன்றாவது முறை பதிவு செய்தபோது, கடைசியில் அவர் வாயில் அந்த நேரத்துக்கு வந்த ஒரு மெட்டு பின்னாளில் உலகம் முழுக்கச் சுற்றியது. அமெரிக்காவில் அதன் ஜூலு சொல்லைத் தப்பாகக் காதில் வாங்கி 'விமோவே' என்று பாடினார்கள். 1961-இல் டோக்கன்ஸ் குழு 'தி லயன் ஸ்லீப்ஸ் டுநைட்' என்று பாடியது முதலிடத்துக்குப் போனது. லிண்டா பாட்டின் உரிமையைக் கொடுத்தது பத்து ஷில்லிங்குக்கு. 1962-இல் ஏழையாகச் செத்துப்போனார். அவர் வாரிசுகள் 2004-இல் வழக்குப் போட்டு 2006-இல்தான் ஓர் உடன்பாடு கிடைத்தது. நான் அந்த 1939 பதிவைக் கேட்கும்போதெல்லாம் அந்தக் கடைசி நொடிகளுக்காகக் காத்திருப்பேன். அந்த மெட்டு எங்கே போய்ச் சேரப்போகிறது என்று அவருக்குத் தெரியாமல், பாடுகிற சந்தோஷத்தில் பாடிவிட்டுப் போகிறார்.

லிண்டா போட்ட பாதையை மெருகேற்றியவர் ஜோசப் ஷபலாலா. நாட்டால் பகுதியின் லேடிஸ்மித் ஊர்க்காரர். அவர் குழுவின் பெயர் 'லேடிஸ்மித் பிளாக் மம்பாஸோ'. லேடிஸ்மித் ஊர், பிளாக் என்றால் வலுவான கருப்பு எருது, மம்பாஸோ என்றால் கோடாலி, எதிரில் வருகிற குழுக்களை வெட்டிச் சாய்க்கிற கோடாலி. பெயரில் இருக்கிற ஆவேசத்துக்கும் பாட்டில் இருக்கிற மென்மைக்கும் சம்பந்தமே இருக்காது. 1964-இல் அவருக்குத் தொடர்ந்து கனவுகள் வந்தன. அதில் பிள்ளைகள் கூட்டமாகப் பாடுவார்கள். விழித்ததும் அந்தச் சேர்க்கையைத் தன் ஆட்களுக்குச் சொல்லிக்கொடுப்பார். அதுவரை போட்டிகளில் தொண்டை கிழிய உரக்கப் பாடுவதுதான் பெருமை. ஷபலாலா ஒலியைக் குறைத்தார். ஒருவர் டெனர், ஒருவர் ஆல்டோ, மிச்சம் எல்லாரும் பேஸ், மேலே அவர். அத்தனை பேஸ் குரல்கள் ஒரே சுரத்தில் மெல்லச் சேரும்போது தரையே பாடுவது போல இருக்கும்.

1985-இல் அமெரிக்கப் பாடகர் பால் சைமன் ஜோஹன்னஸ்பர்க் வந்து ஷபலாலாவைச் சந்தித்தார். 1986-இல் வந்த 'கிரேஸ்லேண்ட்' இசைத்தட்டில் இவர்கள் பாடினார்கள். நிறவெறி அரசுக்கு எதிரான பண்பாட்டுப் புறக்கணிப்பை சைமன் மீறினார் என்ற சர்ச்சை அப்போதே வெடித்தது. அது நியாயமான கேள்விதான், இன்றும் முழுசாகத் தீரவில்லை. ஆனால் அந்தத் தட்டின் வழியாகத்தான் சுரங்க விடுதிப் பாட்டு உலகத்தின் காதுக்குப் போனது. 1988 முதல் ஐந்து கிராமி விருதுகள். 1993-இல் மண்டேலா நோபல் பரிசு வாங்க ஆஸ்லோ போனபோது இவர்களும் கூடப் போனார்கள். ஷபலாலா 2020 பிப்ரவரியில் காலமானார். குழு இன்னும் பாடுகிறது.

அக்கப்பெல்லாவில் இன்னொரு வழியும் உண்டு. வாத்தியங்களையே வாயால் வாசித்துவிடுவது. ஓஹையோ மாநிலம் பிக்வா என்ற சிற்றூரின் மில்ஸ் சகோதரர்கள் அதில் முன்னோடிகள். பையன்களாக ஒரு போட்டிக்குப் போனபோது, ஊதுவதற்குக் கொண்டுவந்திருக்க வேண்டிய 'கசூ'வைக் காணோம். அண்ணன் ஜான் இரண்டு கையையும் வாயில் குவித்து எக்காளம் போலப் பாடினார். கூட்டம் மகிழ்ந்தது. அப்புறம் ஆளுக்கொரு வாத்தியத்தை எடுத்துக்கொண்டார்கள். 1931-இல் அவர்கள் இசைத்தட்டுகள் வந்தபோது, 'ஒரு கித்தாரைத் தவிர வேறு வாத்தியம் எதுவும் இல்லை' என்று தட்டிலேயே அச்சடிக்க வேண்டியிருந்தது. ஜனங்கள் நம்பவில்லை.

அங்கிருந்து கிளை பல. 1983-இல் பிரிட்டனின் ஃப்ளையிங் பிக்கெட்ஸ் குழு வாத்தியம் இல்லாத பாட்டோடு கிறிஸ்துமஸ் காலத்தில் முதலிடம் பிடித்தது. 1988-இல் பாபி மெக்ஃபெரின் தன் ஒரே குரலைப் பல அடுக்காகப் பதிவு செய்து பாடிய 'டோன்ட் வொர்ரி, பீ ஹாப்பி' அமெரிக்காவில் முதலிடத்துக்கு வந்த முதல் அக்கப்பெல்லா பாட்டு. அதே ஆண்டு 'டேக் சிக்ஸ்' குழுவின் முதல் தட்டு வந்தது. அலபாமாவின் ஒரு கிறிஸ்தவக் கல்லூரியில் சேர்ந்த ஆறு பேர். ஜாஸின் நெருக்கமான சுரக்கூட்டுகளைத் தேவாலயப் பாட்டுக்குள் கொண்டுவந்தவர்கள். ஆறு குரலும் ஆறு திசையில் போய் ஒரு நொடியில் ஒன்றாக இறங்குகிற இடங்களை நான் எத்தனை தடவை திரும்பப் போட்டுக் கேட்டிருப்பேன் என்று கணக்கே இல்லை. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் இந்திய வம்சாவளி மாணவர்கள் 1996-இல் தொடங்கிய 'பென் மசாலா'வையும் இங்கே சொல்லியாக வேண்டும். 2009-இல் வெள்ளை மாளிகைத் தீபாவளியில் பாடினார்கள்.

இன்றைய பிள்ளைகளுக்கு அக்கப்பெல்லா என்றால் பென்டாடோனிக்ஸ். டெக்ஸாஸில் 2011-இல் சேர்ந்த ஐந்து பேர், ஒரு தொலைக்காட்சிப் போட்டியில் ஜெயித்து, யூடியூப் வழியாக வீடு வீடாகப் போனவர்கள். அவர்களில் கெவின் ஒலுசோலா என்ற செல்லோ கலைஞர் வாயால் டிரம்ஸ் வாசிப்பார். உதட்டை மூடி வெடித்தால் பேஸ் டிரம். நாக்கின் பின்பக்கத்தால் 'க்' என்று அடித்தால் ஸ்னேர். பல்லிடுக்கில் 'ட்ஸ்' என்றால் ஹை-ஹாட். நம் ஊர்க்காரர்களுக்கு உடனே கொன்னக்கோல் ஞாபகம் வரும். ஒரு வித்தியாசம் உண்டு. கொன்னக்கோல் தாளத்தைச் சொல்கிறது: தகதிமி, தகஜொணு. சொல்லுக்குச் சொல்லாக ஒரு அழகு. இவர்கள் செய்வது தோலின் சத்தத்தையே தொண்டையில் உண்டாக்குவது. மூச்சு எடுக்கவும் நேரம் இருக்காது. உள்ளே இழுக்கிற மூச்சிலேயே ஸ்னேர் அடிப்பவர்கள் இருக்கிறார்கள்.

எனக்கு இந்த வழியும் பிடிக்கும். ஆனால் மனசு முதலாவது வழிப் பக்கம்தான் சாய்கிறது. மேடையில் பேஸ் குரலை மின்கருவியால் ஓர் எட்டுச்சுரம் கீழே இறக்குவது இப்போது சகஜம். அதில்கூட எனக்குப் பெரிய வருத்தம் இல்லை. வருத்தம் ஒலிப்பதிவில் சுருதி திருத்தும் மென்பொருள்மேல்தான். சும்மா விட்டால் அது ஒவ்வொரு குரலையும் கீபோர்டின் பன்னிரண்டு சம பங்குக்குக் கொண்டுபோய் நிறுத்தும். பாடகர் காதால் தேடிப் பிடித்த 275-ஐ 277.2 ஆக்கித் 'திருத்தி' வைக்கும். வாத்தியத்தை வெளியே அனுப்பிவிட்டு அதன் சட்டத்தை மட்டும் பின்வாசல் வழியாக உள்ளே விட்ட மாதிரி. சில புதுத் தட்டுகள் பளபளவென்று இருந்தும் ஏன் உள்ளே இறங்கவில்லை என்று எனக்கு ரொம்ப நாள் புரியவில்லை. காரணம் இதுதான்.

தனிக்குரலை எந்திரத்துக்குக் கொடுப்பது எவ்வளவு கஷ்டம் என்பதற்கு இன்னொரு சாட்சி, நம் எல்லார் கைப்பேசியிலும் இருந்த எம்பி3. அதை உருவாக்கியவர்களில் ஒருவரான ஜெர்மானியர் கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க், அமெரிக்கப் பாடகி சுசான் வேகா வாத்தியமே இல்லாமல் பாடிய 'டாம்ஸ் டைனர்' பாட்டைத் தன் சோதனைக்கு எடுத்துக்கொண்டார். 1987-இல் தட்டில் வந்த பாட்டு. பெரிய வாத்தியக் கூட்டத்தைச் சுருக்கும்போது குறைகள் கூட்டத்தில் மறைந்துகொள்ளும். இந்த ஒற்றைப் பெண்குரலில் எல்லாம் அம்பலமாகிவிடும். அந்தக் குரல் கெடாமல் வரும்வரை அவர் முறையைத் திருத்திக்கொண்டே இருந்தார்.

தமிழில் வாத்தியம் இல்லாத பாட்டைக் கேட்க வேண்டுமென்றால் 1993-இல் வந்த 'திருடா திருடா' படத்தில் ஏ.ஆர். ரஹ்மான் அமைத்த 'ராசாத்தி' பாட்டு இருக்கிறது. சாகுல் ஹமீதின் கிராமத்துத் தொண்டை. சுற்றிலும் குரல்கள், குரல்கள் மட்டும். இதுவரை அதன் சோகத்துக்காக மட்டும் கேட்டிருந்தால், இன்னொரு தடவை ஹெட்ஃபோனில் பின்னால் நிற்கிற குரல்களை மட்டும் பிடித்துக்கொண்டு கேளுங்கள். நம் திருநெல்வேலி, நாகர்கோவில் பக்கத்துத் தேவாலயங்களிலும் நாலு குரல் பிரித்துப் பாடும் பழக்கம் தலைமுறைகளாக இருக்கிறது. அதில் வளர்ந்த ஒருவர் இல்லாவிட்டால் நான் இதையெல்லாம் வெறுமனே கேட்டுக்கொண்டுதான் இருந்திருப்பேன்.

அவர் எங்கள் குடியிருப்பின் இரண்டாவது மாடிக்காரர். அஞ்சலகத்தில் வேலைபார்த்து ஓய்வு பெற்றவர், பாளையங்கோட்டைப் பக்கம். நாங்கள் அண்ணாச்சி என்போம். நாற்பது வருஷம் சர்ச் கொயரில் பேஸ் பாடியவர். போன வருஷம் அவரும் நானும் இன்னும் இரண்டு பேரும் சேர்ந்து, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில் மாடிப்படியில் நின்று பாட ஆரம்பித்தோம். மாடிப்படியில் எதிரொலி நன்றாக இருக்கும். பாட்டு என்றுகூடச் சொல்ல முடியாது. ஒரே ஒரு கூட்டுச்சுரம். 'ஆ'.

முதல் இரண்டு மாதம் ஒன்றும் நடக்கவில்லை. ஆளாளுக்குத் தன் சுரத்தைக் காப்பாற்றிக்கொள்வதிலேயே குறியாக இருந்தோம். நான் லீட் என்பதால் கொஞ்சம் உரக்கவே பாடுவேன். ஒருநாள் அண்ணாச்சி கையைக் காட்டி நிறுத்தினார்.

"தம்பி, நீ பாடுறது எனக்கு நல்லாக் கேக்கு. நான் பாடுறது ஒனக்குக் கேக்கா?"

"இல்ல அண்ணாச்சி."

"அப்பம் சத்தத்தக் குறை. நான் கேக்குற அளவுக்குக் குறை. பெறவு பாப்போம்."

குறைத்தேன். என் குரல் எனக்கே சரியாகக் கேட்காத அளவுக்கு வந்ததும், அவருடைய 'ஆ' என் நெஞ்சுக்குள் அதிர்வது தெரிந்தது. காந்தாரம் பிடித்துக்கொண்டிருந்த நண்பர் கண்ணை மூடிக்கொண்டு கொஞ்சம், மிகக் கொஞ்சம், இறங்கினார். விம்மல் மெதுவாகி நின்றது. தலைக்கு மேலே, மூன்றாவது மாடித் திருப்பத்தின் பக்கமிருந்து, மெல்லிய கம்பி போல ஒரு சத்தம் நீண்டது. இரண்டு நொடி இருக்கலாம். நாலு பேரும் ஒரே நேரத்தில் நிமிர்ந்து மேலே பார்த்தோம். பார்த்ததில் பாட்டு நின்றுவிட்டது.

அண்ணாச்சி ஒன்றும் சொல்லவில்லை. தண்ணீர் குடித்துவிட்டு மறுபடியும் சுருதி கொடுத்தார். அதை இன்னொரு தடவை வரவழைக்க எங்களுக்கு நாற்பது நிமிஷம் ஆயிற்று.